முந்நூறு மில்லிமீட்டரில் ஒரு யானை

புதுக் கேமராவில் யானை சின்னதாகிவிட்டது.

தங்கதுரையால் முதலில் நம்ப முடியவில்லை. நின்ற இடம் அதே வரப்பு. லென்ஸ் அதே பழைய லென்ஸ். ஓசூருக்குப் பக்கத்துச் சானமாவுக் காட்டிலிருந்து வெளியே வந்து, தைலமரத் தோப்பைச் சுற்றி ஏரிக்கு இறங்கும் கூட்டமும் ஏறக்குறைய அதேதான். போன வருஷம் படம் நிறைய நின்ற தாய் யானை, இப்போது நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு மாதிரித் தெரிந்தது. லென்ஸின் வளையத்தை இன்னும் திருகப் பார்த்தான். அது ஏற்கெனவே முந்நூறில் முட்டிக்கொண்டு நின்றது.

பழைய கேமராவைக் கடையில் கொடுத்துவிட்டு, இரண்டு வருஷத்து ஓவர்டைம் பணத்தை அதன்மேல் போட்டு வாங்கிய ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கேமரா அது. வாங்கிய நாளில் பெட்டியைப் பிரித்து ஒரு கையில் ஏந்தியபோது, இவ்வளவு லேசாக இருக்கிறதே என்றுதான் சந்தோஷப்பட்டான். உள்ளே மடங்கி நிமிரும் கண்ணாடியை எடுத்துவிட்டதால் கேமரா சிறுத்திருந்தது. லென்ஸ்கள் அப்படிச் சிறுக்கவில்லை என்பது அவனுக்குத் தெரியாததல்ல. தெரிந்த ஒன்றை ஆசை கொஞ்ச நாள் ஓரமாக வைத்திருக்கும், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை கேன்டீனில் ஜெகதீஷ் சிரித்தான். அவன் அத்திப்பள்ளியிலிருந்து தினமும் கர்நாடக எல்லை தாண்டி வேலைக்கு வருகிறவன். வீட்டில் கன்னடம், கேன்டீனில் தமிழ், ஃபோர்மேனிடம் ஆங்கிலம். தங்கதுரைக்குக் கேமராப் பைத்தியத்தைப் பிடித்துவிட்டவனே அவன்தான்.

"நான் சொன்னேனா இல்லியா குரு? சின்ன ரூம காலி பண்ணிட்டு பெரிய ஹாலுக்குப் போனே. கட்டில் அதே கட்டில். இப்போ ஹாலுக்கு நடுவுல கட்டில் தம்மாத்தூண்டு தெரியுது. கட்டில் மேல என்ன தப்பு?"

"கட்டில மாத்துனா சரியாப் போயிருமா?"

"மாத்தேன். யாரு வேணாம்னா?"

அவன் சொன்ன கட்டில் கணக்கு பிழையில்லாதது. பழைய கேமராவின் சென்சார் சிறியது. லென்ஸ் காட்டுவதில் நடுப்பகுதியை மட்டும் வாங்கிக்கொள்ளும். அதனால் முந்நூறு மில்லிமீட்டர் லென்ஸ், நானூற்றைம்பது போலக் கிட்டே இழுத்துக் காட்டியது. ஃபுல் ஃப்ரேம் அப்படியில்லை. லென்ஸ் காட்டும் முழுவதையும் வாங்கிக்கொள்ளும். முந்நூறு முந்நூறாகவே நிற்கும். எடுத்த பிறகு கம்ப்யூட்டரில் சுற்றிலும் வெட்டி யானையைப் பெரிதாக்கலாம். ஆனால் வெட்டிய பின் மிஞ்சுவது பழைய கேமரா கொடுத்ததில் பாதிக்கும் குறைவு. தும்பிக்கையின் மடிப்புகள் கரைந்து சேற்றுப் பூச்சு மாதிரி ஆகிவிடும்.

பிறகு எதற்கு மாற்றினான் என்றால், இருட்டுக்காக. ராகி முற்றும் மாதங்களில்தான் கூட்டம் கர்நாடகப் பக்கத்திலிருந்து இறங்கி வரும். வந்தாலும் பொழுது சாய்ந்த பிறகுதான் தோப்பைவிட்டு வெளியே தலைகாட்டும். அந்த வெளிச்சத்தில் பழைய கேமராவின் படங்களில் ரவையைத் தூவினாற்போல் புள்ளி புள்ளியாக இருந்தது. புதியது அந்த இருட்டைச் சுத்தமாக வாங்கியது. இருட்டு கைக்கு வந்தது, தூரம் கைவிட்டுப் போனது.

"அறுநூறு போற ஜூம் இருக்கு," என்றான் ஜெகதீஷ், தயிர்சாதத்தைப் பிசைந்தபடி. "கேமராவவிட வெலை ஜாஸ்தி. ரெண்டு கிலோ. கைல தூக்கினா பத்து நிமிஷத்துல தோள் கழண்டுடும்."

"லேசா ஒண்ணு வருதாமே, அதே அறுநூறு. வெலையும் கம்மின்னாங்க."

"வருது வருது. அப்பர்ச்சர் பதினொண்ணு. உள்ள வெளிச்சமே போகாது. யானைகிட்ட போய், அம்மா தாயே, மத்தியானம் பன்னெண்டு மணிக்கு வாம்மான்னு கேளு. வந்துச்சுன்னா எடுக்கலாம்."

"தூரமும் வேணும், வெளிச்சமும் வேணும்னா?"

"நம்ம பிளான்ட் மேனேஜர் கார விக்கணும். அவர் காரு, உன் காரு இல்ல."

தங்கதுரை சாத்தூர்ப் பக்கத்துக்காரன். டிப்ளமோ முடித்து ஓசூர் வந்தவன் இருபது வருஷமாக ஒரே கம்பெனியில் இருக்கிறான். எஞ்சின் உதிரிகளின் துளைகளை அளந்து, சரி தவறு சொல்லும் வேலை. குளிர்விக்கப்பட்ட, ஜன்னல் இல்லாத அறை. மயிரிழையைப் பல கூறாக வகுத்த அளவுகளில் எட்டு மணி நேரம் ஓடும். நல்ல இன்ஸ்பெக்டர் என்று பெயர் உண்டு. அந்தப் பெயரில் அவனுக்குப் பெரிய பெருமை இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு முறை ராயக்கோட்டைச் சாலையில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஒரு கூட்டம் சாலையைக் கடந்துகொண்டிருந்தது. குட்டி ஒன்று நடுச்சாலையில் நின்று தாரை மோந்து பார்த்தது. அளக்கவே முடியாத ஒன்றை அவ்வளவு பக்கத்தில் அவன் அதற்கு முன் பார்த்ததில்லை. அதன்பின் ஒவ்வொரு ராகிப் பருவத்திலும், ஓய்வு கிடைத்த சாயங்காலங்களில், சானமாவு ஓரத்தில் ராமப்பன் என்ற விவசாயியின் ராகிக் கொல்லை வரப்பில்தான் நின்றான்.

அறுநூறு ஜூமை ஒரு வாரக் கடைசிக்கு மட்டும் பெங்களூரில் வாடகைக்கு எடுத்துக் கொடுத்தான் ஜெகதீஷ். அதைத்தான் செய்திருக்கக் கூடாது. வரப்பில் கேமராவுக்கு முக்காலி போட்டுக் கண்ணை வைத்தபோது, தாய் யானையின் இமைமயிர் தெரிந்தது. இமைமயிரில் ஒட்டியிருந்த மண் தெரிந்தது. திங்கட்கிழமை லென்ஸ் பெங்களூருக்குத் திரும்பிப் போனது. இரண்டு கிலோவைத் தூக்கித் திரிந்ததில் வலது மணிக்கட்டு வாரம் முழுக்க வலித்தது. வலி போன பிறகும் இமைமயிர் போகவில்லை. பழைய கேமரா இருந்தவரை வரப்பிலிருந்து கண்டதெல்லாம் அவனுக்குப் போதுமானதாக இருந்தது. இப்போது முந்நூறில் பார்ப்பதெல்லாம் யாரோ எதையோ பிடுங்கிக்கொண்டது போல இருந்தது.

லென்ஸை நீட்ட முடியாதவனுக்கு மிச்சம் இருந்தது கால்.

ராமப்பன் அவனை முதல் வருஷம் வரப்பில் நிற்கவிட்டபோதே ஒன்று சொல்லியிருந்தார். அறுபதை நெருங்குகிறவர். வீட்டில் தெலுங்கு.

"இந்த வரப்ப மட்டும் தாண்டாத தம்பி. தோப்ப சுத்தி ஏரிக்குப் போறது அதுங்க தாரி. காலங்காலமா போற தாரி. அந்தப் பக்கம் மனுசன் நின்னு வாசன பட்டா தாரி மாறும். மாறிச்சுனா வேற எங்க போவும்? நம்ம ராகிதான்."

"தாண்ட மாட்டேண்ணே."

கொல்லை நடுவே நாலு கம்பு நட்டுக் கட்டிய பரண் ஒன்று உண்டு. பருவம் முழுக்க ராமப்பன் அதன்மேல்தான் இருப்பார். பக்கத்தில் காலி எண்ணெய் டின் ஒன்றும் ஒரு கட்டையும். கூட்டம் ராகியின் பக்கம் தலையைத் திருப்பினால் டின்னை அடித்துக் கத்துவார். அக்கம்பக்கத்துப் பரண்களிலும் டின்கள் சேர்ந்துகொள்ளும். அந்தச் சத்தத்துக்குக் கூட்டம் திரும்பி, வந்த வழியே தைலத்தோப்புக்குள் ஓடிவிடும். இதற்கு மேல் அந்த ராகிக்குக் காவல் எதுவும் இல்லை.

இந்த வருஷம் தங்கதுரை முதலில் வரப்புக்கு அப்பால் ஒரு கல்லின்மேல் ஏறி நின்றான். கல் வரப்பை ஒட்டித்தானே இருக்கிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டான். அடுத்த வாரம் கல்லுக்கு அப்பால் ஒரு கரையான் புற்று. அதற்கும் அடுத்து, தோப்பின் ஓரமாகவே போய் ஒரு பாறைக்குப் பின்னால். ஒவ்வொரு முறையும் எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்காததை அவன் அனுமதி என்று எடுத்துக்கொண்டான். அளக்கும் வேலையில் இருக்கிறவன், ஒவ்வொரு துண்டும் எல்லைக்குள் இருந்தாலும் எல்லாம் ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தால் மெஷினை நிறுத்தச் சொல்கிறவன். தன் கால்களை அவன் அப்படி அளக்கவில்லை.

வீட்டில் மனைவி வீரலட்சுமி அளந்தாள். மாவு அரைத்து விற்கிற அவளுக்கு ஃபுல் ஃப்ரேமும் தெரியாது, மில்லிமீட்டரும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டரில் அவன் படங்களை ஓட்டும்போது கையில் மாவோடு வந்து பின்னால் நிற்பாள்.

"என்னங்க, போன வாரத்துக்கு இந்த வாரம் யானை வளந்துருக்கு?"

"கட் பண்ணிப் பெருசாக்குனேன்."

"எங்க நின்னு எடுத்தீக?"

"வரப்புலதான்."

"வரப்பு உங்க கூடவே நடந்து வருதோ?"

அவன் அடுத்த படத்துக்குத் தள்ளினான். அவள் சிரிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை ராமப்பனின் ராகி கதிர் மடங்கி அறுப்புக்கு நின்றது. அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து ஆட்கள் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். "இன்னும் ரெண்டு பொழுது தாண்டிட்டா போதும் தம்பி," என்று சொல்லிவிட்டுப் பரணில் ஏறினார். தங்கதுரை வரப்பில் கொஞ்ச நேரம் நின்றான். அவர் ஏரிப் பக்கம் பார்க்கத் திரும்பியதும் குனிந்து தோப்போரமாகப் பாறைக்குப் போனான்.

பொழுது சாய்ந்து, வானத்தில் மட்டும் வெளிச்சம் மிஞ்சியிருந்தபோது கூட்டம் வந்தது. அவன் இருந்த பாறையைத் தாண்டி வெட்டவெளியில் இறங்கியது. காற்று அவன் முதுகிலிருந்து அவற்றின் பக்கமாக வீசிக்கொண்டிருந்தது. அதை அவன் உணரத்தான் செய்தான். முன்னால் போன தாய் யானை சட்டென்று நின்றது. முழுதாகத் திரும்பியது. காதுகளை விரித்து, தும்பிக்கையை உயர்த்தி, நேராக அவனைப் பார்த்தது.

முந்நூறு மில்லிமீட்டரில் படம் நிறைந்தது. இமைமயிர் தெரிந்தது. அவன் அழுத்தினான்.

அதன்பின் தாய் யானை ஏரிப் பக்கம் போகவில்லை. அவனிடமிருந்து விலகி, நேர் எதிர்ப்பக்கமாக வரப்பை ஏறி, ராகிக்குள் இறங்கியது. மற்றவையும் அதன் பின்னால் போயின. கதிரோடு தட்டையைப் பிடுங்குகிற சத்தமும், மண்ணை உதறக் காலில் அடித்துக்கொள்கிற சத்தமும் கேட்டன. தங்கதுரை பாறையை ஒட்டிக் குறுகி உட்கார்ந்து டின் சத்தத்துக்காகக் காத்திருந்தான். இப்போது அடிப்பார், இதோ அடிப்பார் என்று காத்திருந்தான். பரணிலிருந்து எதுவும் கேட்கவில்லை. பக்கத்துப் பரண்களும் ஊமையாக இருந்தன. அண்ணன் தூங்கிவிட்டாரா? அவனுக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. கூட்டம் கொல்லையின் மறுகோடிக்குப் போனதும் எழுந்து, தோப்பைச் சுற்றிச் சாலைக்குப் போய் பைக்கை எடுத்தான். பரண் பக்கம் போகவில்லை.

மறுநாள் காலை படத்தைக் கம்பெனி கேமரா குழுவில் போட்டான். ஜெகதீஷ் முதல் ஆளாக எழுதினான்: "குரு, முந்நூறுலயா? நம்பவே மாட்டேன்." யாரோ ஒருவர், கேமராவையே நேராகப் பார்க்கிறது, என்ன அதிர்ஷ்டம் என்று எழுதியிருந்தார். அவன் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். அதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. தெளிவு, வெளிச்சம், எல்லாம் வந்திருந்தன. அந்தக் கண்ணில் இருந்தது என்ன என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

வீரலட்சுமி கேட்டாள்.

"இது யாரப் பாக்குது?"

"கேமராவ."

"கேமராவுக்குப் பின்னாடி யாரு நின்னா?"

அப்போதுதான் போன் அடித்தது. ராமப்பன். அவர் குரல் எப்போதும் போலவே உரத்துத்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற வீரலட்சுமிக்கும் கேட்டது.

"தம்பி, நேத்து ராகி போச்சு. கெழக்குத் துண்டு ஒண்ணுதான் மிச்சம். நஷ்டத்துக்கு பாரஸ்ட் ஆபீசுல மனு குடுக்கணுமாம், போட்டோ வெச்சுக் குடுக்கணுமாம். நீ வந்து எடுத்துக் குடுத்துட்டுப் போறியா?"

"வாரேண்ணே," என்றான். போனை வைத்த பிறகும் கையிலேயே பிடித்திருந்தான்.

வீரலட்சுமி அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரையிலிருந்த யானையைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"பெரிய லென்ஸ் வாங்கக் காசில்ல, காசில்லன்னு பொலம்புனீக. இன்னொருத்தர் வெள்ளாமையப் போட்டுல்ல வாங்கியிருக்கீக."

கொல்லையில் ராகி கிழிந்த பாய் மாதிரிக் கிடந்தது. ராமப்பனின் மனைவி சென்னம்மாள் மிதிபட்ட தட்டைகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து, மண்ணில் கிடந்த கதிர்களை ஒடித்து முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தாள். வா என்று சொல்லவில்லை.

தங்கதுரை கேமராவை எடுத்தான். அவனிடம் இருந்த ஒரே லென்ஸில் கொல்லை அடங்கவில்லை. பின்னால் நகர்ந்து பார்த்தான், வேலியில் முதுகு இடித்தது. கடைசியில் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். போனில் எல்லாம் ஒரே படத்தில் அடங்கியது. கொல்லை, பரண், அந்தப் பக்கத்துத் தோப்பு, தோப்போரத்துப் பாறை.

ராமப்பன் பக்கத்தில் நின்று போனை எட்டிப் பார்த்தார். "இது போதும். நல்லா தெரியுது."

"அண்ணே," என்றான் தங்கதுரை. "நேத்து நாந்தான். வரப்பத் தாண்டி, அந்தப் பாறைக்கிட்ட..."

"தெரியும்."

"பாத்தீங்களா?"

"பரண் மேல ஒக்காந்துனு வேற என்னா பாக்கறது? நீ குனிஞ்சு போனது, அது நின்னது, திரும்பினது, அல்லாம் பாத்தேன்."

"அப்ப ஏண்ணே டின்ன அடிக்கல?"

ராமப்பன் அவனை ஒரு மக்குப் பையனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அடிச்சா எந்தப் பக்கம் ஓடும்? தோப்புக்குத் திரும்பும். நடுவுல யார் இருந்தா? கட்டையத் தூக்கிட்டேன். தூக்கின கை அப்படியே நின்னுச்சு. பக்கத்துக் கொல்லைக்காரங்களுக்கும் போன் பண்ணி, அடிக்காதீங்கடா, ஆள் இருக்குதுன்னு சொன்னேன். அதுங்க தின்னுது. நான் பாத்துனு இருந்தேன்."

தங்கதுரைக்கு அந்த நேரத்தில் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து அவரைத் தூங்குமூஞ்சி என்று திட்டியது நினைவுக்கு வந்து, காது மடல்கள் சுட்டன.

"கேமராவ வித்துர்றேண்ணே. வர்றத அப்பிடியே உங்ககிட்ட குடுத்துர்றேன்."

ராமப்பனின் முகம் அப்போதுதான் மாறியது. ராகி போனதற்கு வராத கோபம் இதற்கு வந்தது.

"நான் கைய நிறுத்தினதுக்கு வெலை போடறியா? ராகிக்கு கவர்மென்ட்டு குடுக்கறது குடுக்கட்டும், குடுக்காட்டிப் போகட்டும். இதுக்கு நீ என்னாத்தக் குடுப்ப?"

சென்னம்மாள் எழுந்து நின்றாள். முந்தானைக் கதிர்களைக் கூடையில் கொட்டினாள்.

"போட்டோ ஆச்சில்ல? அவன கெளம்பச் சொல்லு."

தங்கதுரை கேமராவைப் பையில் வைத்து ஜிப்பை மூடினான். வரப்புவரை போனவனை ராமப்பன்தான் கூப்பிட்டார். குரலில் கோபம் இன்னும் மிச்சமிருந்தது.

"கெழக்குத் துண்டு நாளைக்கித்தான் அறுப்பு. ருசி கண்டதுங்க இன்னிக்கும் வரும். நேத்துலேர்ந்து நான் கண்ண மூடல. பொழுது சாயறப்ப வந்து பரண்ல குந்துவியா?"

"குந்துறேண்ணே."

"அத வீட்ல வெச்சுட்டு வா."

அவன் வீட்டுக்குப் போய், பையை அலமாரியில் வைத்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்தான். ராமப்பன் பரணுக்குக் கீழே சாக்கை விரித்துப் படுத்த உடனே தூங்கிப்போனார். சென்னம்மாள் வீட்டு வாசலிலிருந்தே பரணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனை நம்பி அல்ல, நம்பாமல். அவன் மேலே டின்னை மடியில் வைத்துக்கொண்டு, கட்டையை இறுகப் பிடித்து உட்கார்ந்திருந்தான். மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ள அவனுக்குத் தைரியம் வரவில்லை. ஆள் இல்லாததால் கூப்பிட்டிருக்கிறார், அவ்வளவுதான் என்று எண்ணிக்கொண்டான். அதுவும் சரியாகப் பொருந்தவில்லை.

கூட்டம் தோப்பை விட்டு வந்தது. ஏரிப் பக்கம் கொஞ்சம் நடந்தது. தாய் யானை நின்று, கிழக்குத் துண்டின் பக்கம் தலையைத் திருப்பியது.

தங்கதுரை கட்டையைத் தூக்கினான். அடிப்பதற்கு முன் தோப்போரத்தைப் பார்த்தான். பாறையைப் பார்த்தான், புற்றைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான். யாரும் இல்லை. மறுபடியும் ஒரு முறை பார்த்தான்.

மேற்கே செம்மண் நிறத்தில் கொஞ்சம் வெளிச்சம் நின்றிருந்தது. அது யானையின் முதுகை ஒட்டி ஒரு கோடாக ஓடியது. பரணின் உயரத்திலிருந்து தூரம் சரியாக இருந்தது. முந்நூறே போதும், இந்த இருட்டை அந்தக் கேமரா தாங்கும் என்று மனசு ஒரு பக்கம் கணக்குப் போட்டது. அதை எப்படி நிறுத்துவது என்று அவனுக்குத் தெரியவில்லை. கட்டையை ஓங்கி டின்னில் இறக்கினான். கத்தினான். பக்கத்துப் பரண்களில் டின்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன. கூட்டம் திரும்பித் தோப்புக்குள் போய் மறைந்தது. மறைந்த பிறகும் அவன் அடித்துக்கொண்டிருந்தான். கீழேயிருந்து ராமப்பன் எழுந்து, "போதும் விடு, போயிடுச்சு," என்று சொல்ல வேண்டியிருந்தது.